பின்தெரு வாசலில் ஓர் ஓநாய்ச் சிலந்தி

அன்புள்ள சொக்கு,

முந்தாநாள் நீ கோயம்புத்தூரிலிருந்து பேசியபோது நான் உனக்குச் சரியான பதில் சொல்லவில்லை. "இப்ப நான் என்ன செய்யட்டும் அப்பச்சி?" என்று கேட்டாய். நான், அங்கே மழை உண்டா என்று கேட்டேன். நீ உண்டு என்றாய். உன் ஆத்தா அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை கீரையில் இருந்தது, காது முழுக்க என் அலைபேசியில் இருந்தது. அந்த நிலையில் மழையைத் தவிர வேறு எதைப் பேசுவது? ஆனால் நீ கேட்டது லேசான கேள்வி இல்லை. தலைத் தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போன நீயும் உமையாளும் கார்த்திகை பிறந்தும் காரைக்குடி திரும்பவில்லை. இந்த வீட்டுக்கு இனி வர முடியாது, வேண்டுமானால் நீங்கள் மட்டும் போங்கள் என்று அவள் உன்னிடம் சொல்லிவிட்டாள். கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. மனைவி ஒரு பக்கம், பெற்ற ஆத்தா ஒரு பக்கம் என்று நீ நடுவில் நிற்கிறாய். இருவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அதனால்தான் யோசித்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

இது ரகசியக் கடிதம் அல்ல. உன் ஆத்தாளிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உறையில் போடுவேன். உமையாள் படிக்கட்டும், அவளைப் பெற்றவர்களும் படிக்கட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். உன் சித்தப்பா படிக்காமலேயே கும்பிடும் கை ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவான் என்பதால் விட்டுவிட்டேன். உறைக்குள் இரண்டு சாவிகளும் இருக்கும். அவை எந்தக் கதவுக்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை பொறுமையாகப் படி. நான் எதைப் பேச ஆரம்பித்தாலும் சிலந்தியில்தான் போய் முடிப்பேன் என்று நீ கிண்டல் செய்வாய். இந்தத் தடவை சிலந்தியிலேயே ஆரம்பித்துவிடுகிறேன்.

நம் பங்காளிகளில் ஆளுக்கொரு தொழில். ஒருவர் நூல் மில் வைத்தார், ஒருவர் சென்னையில் இரும்புக்கடை வைத்தார், உன் தலைமுறையில் ஒருவன் பழைய வீட்டை வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஓட்டலாக்கிவிட்டான். நான் மட்டும் கல்லூரியில் விலங்கியல் வாத்தியாராகப் போனேன். வகுப்பு முடிந்தால் வயல், ஊருணி, பொட்டல் என்று சிலந்தி தேடித் திரிந்தேன். கல்யாண வீடுகளில் என்னை எட்டுக்கால் வாத்தியார் என்றுதான் அறிமுகம் செய்வார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான் சொன்னார்களாம். அதைக் கேட்ட பிறகும் சம்மதித்ததை உன் ஆத்தா இன்றைக்கும் எனக்குச் செய்த உபகாரமாகச் சொல்வாள்.

நான் அதிகம் பார்த்தது ஓநாய்ச் சிலந்திகளை. வலையைக் கட்டிவிட்டு, இரை வந்து விழட்டும் என்று உட்கார்ந்திருக்கிற வகை இல்லை அவை. தரையில் ஓடும், நிற்கும், பார்க்கும், பாய்ந்து பிடிக்கும். பேரைக் கேட்டால் கூட்டமாக வேட்டைக்குப் போகும் என்று தோன்றும். உண்மையில் அதைப்போல ஒண்டிக்கட்டை கிடையாது. முகத்தில் சின்னக் கண்கள் நான்கு ஒரு வரிசையாக இருக்கும், அதற்கு மேலே பெரிய கண் இரண்டு, இன்னும் பின்னால் தள்ளி இரண்டு. பொழுது சாய்ந்ததும் டார்ச்சைப் புருவத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தால் அந்தக் கண்கள் பச்சையாக மின்னும். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் ஊருணிக் கரையில் அதைப் பார்த்துவிட்டு, யாரோ புல்லில் கண்ணாடித் தூளைக் கொட்டிவிட்டார்கள் என்றாய். கிட்டப் போனதும் அந்தத் தூள் எழுந்து ஓடியது. நீயும் ஓடினாய், எதிர்ப்பக்கமாக.

ஒரே குடும்பம்தான், ஆனால் இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பிழைப்பு மாறுகிறது. சாக்கோட்டைப் பக்கம் நட்ட வயலில் இருப்பவை மெலிந்த உடம்பு, நீளக் கால். பயிர்த் தூருக்குத் தூர் தண்ணீர் மேலேயே ஓடிப் போய்ப் புகையான், தத்துப்பூச்சி என்று பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். மருந்தடித்தால் பூச்சிக்கு முன்னால் இவை செத்துப்போகும். ஊருணிக் கரையில் இருப்பவை ஈரச் சேற்றின் நிறத்திலேயே இருக்கும், கல்லைப் புரட்டினால் ஒழிய கண்ணுக்குத் தெரியாது. மானகிரி தாண்டிச் செம்மண் பொட்டலில் இருப்பவை வேறு மாதிரி. அங்கே பகலில் தரையில் கால் வைக்க முடியாது. அதனால் அவை நேராகக் கீழே வளை தோண்டி, உள்சுவருக்கு நூலால் பூச்சுப் பூசி, வாயைச் சுற்றிக் காய்ந்த புல்லையும் சருகையும் ஒட்டி ஒரு சின்னக் கைப்பிடிச் சுவர்கூட எழுப்பிக்கொள்ளும். பெரும்பாலும் அந்த வளையிலேயே காலம் கழிந்துவிடும். கல்லூரி மைதானத்துப் புல்லில் மட்டும் ஒரு ரகம் உண்டு. குடும்ப வழக்கத்தை மீறி அது வலை பின்னும், புனல் மாதிரி. எந்தக் குடும்பத்திலும் ஒன்று அப்படி இருக்கத்தானே செய்யும். நம் வீட்டில் அது நான்.

தாய்ச்சிலந்தி முட்டைப் பையை உடம்பின் பின்முனையில் ஒட்டவைத்து இழுத்துக்கொண்டே திரியும். வளைச்சிலந்தியாக இருந்தால் காலையில் வாசலுக்கு வந்து, முட்டைப் பையை வெளியே நீட்டி வெயில் காட்டும். பொரிக்கும் நேரத்தில் தானே பையைக் கிழித்துவிடும். குஞ்சுகள் அத்தனையும் கால் வழியாக ஏறி முதுகில் உட்கார்ந்துகொள்ளும். முதுகே தெரியாது. இந்தப் படத்தை வகுப்பில் காட்டினால் முன்வரிசையிலிருந்து உச்சுக் கொட்டும் சத்தம் வரும். யாராவது ஒருவர் எழுந்து தாய்ப்பாசம் பற்றி இரண்டு வரி பேசிவிடுவார். நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அந்தத் தாயிடமிருந்து பையை எடுத்துவிட்டு ஒரு பஞ்சுருண்டையைக் கொடுத்தால் அதையும் இழுத்துக்கொண்டு போகும் என்று சொல்வேன். சுமப்பது அதன் சுபாவம். என்ன சுமக்கிறோம் என்பதில் அவ்வளவு கவனம் இல்லை. வகுப்பு முழுக்க என்னை ஒரு கல்நெஞ்சக்காரன் மாதிரி பார்க்கும்.

ஆனால் அடுத்த கேள்வியை யாருமே கேட்டதில்லை. அந்தக் குஞ்சுகள் இறங்கி எவ்வளவு தூரம் போகும்? அதுவும் இடத்தைப் பொறுத்ததுதான். வயலில் பிறந்தவை பயிர் நுனிக்கு ஏறி, உடம்பை நிமிர்த்தி, காற்றில் ஒரு நூலை விடும். காற்று நூலோடு சேர்த்து அவற்றைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எங்கே இறங்கும் என்று அவற்றுக்கே தெரியாது. தை பிறந்தால் அறுப்பு, அறுத்தால் அந்த இடமே இருக்காது. அதனால் தூரமாகப் போனால்தான் பிழைக்கும். செம்மண்ணில் பிறந்தவற்றுக்கு அந்த அவசரம் இல்லை. தரை இன்றைக்கு இருந்த மாதிரியே நாளைக்கும் இருக்கும். அவை தாய் வளைக்குக் கொஞ்சம் தள்ளி, கைக்கெட்டும் தூரத்திலேயே சின்னதாக ஒரு குழி போட்டுக்கொள்ளும். ஆனால் தனிக்குழி, தனி வாசல். தூரம்தான் மாறுகிறது. இறங்காமல் முதுகிலேயே இருந்துவிட்ட ஒன்றை நான் இத்தனை வருஷத்தில் எங்கேயும் பார்த்ததில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். நம் ஆட்களில் மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் அவனை வேறு வைப்பது வழக்கம். உமையாளின் சினேகிதிகள் யாராவது இதைப் படித்தால் பயந்துவிடப் போகிறார்கள், அது சண்டை போட்டுப் பிரிப்பது இல்லை. வீடு ஒன்றுதான், வாசல் ஒன்றுதான், அடுப்பு மட்டும் தனி. அன்றையிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஒரு தனிப் புள்ளி. கோயில் கணக்கிலும் அவர்கள் தனிக் குடும்பமாகத்தான் நிற்பார்கள். ஆவணியில் உங்களை வேறு வைத்தோம். பெரிய அடுப்படிக்குப் பக்கத்து அறையை உங்களுக்கு அடுப்படியாக்கி, அரிசி பருப்பிலிருந்து அரிவாள்மணைவரை எல்லாம் வைத்து, புதுக் காஸ் அடுப்பில் உமையாளைப் பால் காய்ச்சச் சொன்னோம். பால் பொங்கியது. எல்லோரும் சிரித்தோம். மறுநாள் காலையில் உன் ஆத்தா பெரிய அடுப்படியிலிருந்து உங்களுக்கு இட்லி கொடுத்தனுப்பினாள்.

அதற்கு அடுத்த நாளும் கொடுத்தனுப்பினாள். மதியத்துக்குக் குழம்பும், அரிசி களைந்த தண்ணீரில் வைத்த மண்டியும், சாயங்காலம் பணியாரமும் வந்தன. இரண்டு அடுப்படிக்கும் நடுவில் இருந்த கதவு மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை. நான் ஒருநாள் லேசாகக் கேட்டேன். "அதுக ரெண்டும் காலையில இருந்து கம்ப்யூட்டர்லயே உக்காந்திருக்குக. சமைக்க நேரம் எங்குட்டு இருக்கு? நான் என்ன விஷத்தையா குடுக்குறேன்?" என்றாள். விஷமில்லைதான். நல்ல சாப்பாடு. அதுதான் சிக்கலே. உன் ஆத்தா ஏன் அப்படிச் செய்தாள் என்பதை உமையாள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களை வேறு வைத்தபோது என் ஆத்தா வழக்கத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாள். மறுநாளிலிருந்து ஒரு கரண்டி குழம்புகூட இந்தப் பக்கம் வரவில்லை. உன் ஆத்தா அப்போது சின்னப் பெண், விறகடுப்பை ஊதத் தெரியாது. புகையில் உட்கார்ந்து அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். நமக்கொரு மருமகள் வந்தால் அவளை இப்படி அழவிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்திருக்கிறாள். அந்த முடிவை இத்தனை காலம் மாற்றாமல் வைத்திருந்தாள் என்பது ஆவணியில்தான் எனக்குத் தெரிந்தது.

புரட்டாசியில் ஒருநாள் உமையாள் அரிசிம்பருப்பு சாதம் செய்யப் போவதாகச் சொன்னாள். கோயம்புத்தூரில் வளர்ந்த பெண், அந்த ஊர்ச் சாப்பாடு அவளுக்குக் கைவந்தது. உனக்குச் செய்து தர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அரிசியையும் பருப்பையும் களைந்து ஊறவைத்துவிட்டு, ஏதோ அலுவலகக் கூட்டம் என்று கணினி முன்னால் உட்கார்ந்தாள். எழுந்து வருவதற்குள் உன் ஆத்தாளின் அடுக்குப் பாத்திரம் உங்கள் அடுப்படிக்கு வந்துவிட்டது. நீயும் வந்து சாப்பிட்டுவிட்டாய். அவள் ஊறவைத்த அரிசியைக் கிணற்றடியில் காக்கைக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது நான் அங்கே போனேன். "மாமா, நான் இந்த வீட்டுல யாரு? விருந்தாளின்னாக்கூட ஒரு நாள் சொல்லிட்டுக் கிளம்பலாம்ல" என்றாள். அழவில்லை. காக்கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான், நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். எதையும் தள்ளி நின்று கவனிப்பது சிலந்தி பார்க்கிறவனுக்கு உதவும். மாமனாருக்கு அவ்வளவாக உதவாது.

உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கோபப்படாமல் கேள். நீ பேசும்போது உமையாள் இப்படிச் சொல்கிறாள், ஆத்தா அப்படிச் செய்கிறாள் என்று இரண்டு பேரைப் பற்றித்தான் பேசினாய். மூன்றாவதாக ஒரு ஆள் அந்த அடுப்படியில் உட்கார்ந்து, சூடாக வந்ததை இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தானே, அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பூதக்கண்ணாடி வைத்து ஓநாய்ச் சிலந்தியின் முதுகைப் பார்த்திருக்கிறேன். தாய் குஞ்சுகளைப் பிடித்துவைத்திருக்க அங்கே எதுவும் இல்லை. குஞ்சுதான் முதுகு ரோமத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது விட்டால் இறங்கிவிடலாம். இன்னைக்கு வேணாம் ஆத்தா, உமையாள் சமைக்கிறாள் என்று நீ ஒரே ஒருநாள் சொல்லியிருந்தால், உன் ஆத்தா அரைநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருப்பாள். அவ்வளவுதான் நடந்திருக்கும். நான் உன்னைத் திட்டவில்லை. ஆத்தா சமையலை விட யாருக்கும் மனசு வராது, எனக்கே வராது. ஆனால் உன் மனைவி அங்கே தனியாகக் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்காதே. அவள் உன் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறாள்.

நீங்கள் தீபாவளிக்குக் கிளம்பிய பிறகு நான் ஒரு காரியம் ஆரம்பித்தேன். நம் வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு எல்லாம் தாண்டிப் போனால் கிணற்றடி, அதற்கப்பால் பின்தெருக் கதவு. உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கதவு பூட்டித்தான் கிடக்கிறது. உடைந்த கட்டில், பழைய ஜன்னல் கம்பி, மிச்சம் விழுந்த ஆத்தங்குடித் தரைக்கல் என்று வேண்டாததையெல்லாம் அதன் மேல் சாய்த்துவைத்திருந்தோம். ஒரு கொத்தனாரையும் கூட இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அதையெல்லாம் அப்புறப்படுத்தினேன். "பின்வாசல எதுக்குத் தொறக்குறீக? கள்ளன் வர்றதுக்கா?" என்று உன் ஆத்தா கேட்டாள். காற்று வரட்டும் என்றேன். அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் மேற்கொண்டு கேட்கவில்லை.

குப்பை போன இடத்தில், மதிலோரம் செம்மண்ணில் ஒரு வளை இருந்தது. கட்டை விரல் நுழையும் அகலம், வாயைச் சுற்றிச் சருகு ஒட்டிய சுவர். மானகிரிப் பொட்டலில் நான் மணிக்கணக்காகத் தேடிய அதே வளைச்சிலந்தி, என் வீட்டுக் கொல்லையில். அவ்வளவு பெரியதாகவும் இல்லை. முதுகு நிறையக் குஞ்சுகளோடு வாசலில் நின்றுகொண்டிருந்தது. உன் ஆத்தா விளக்குமாற்றோடு வந்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் சிலந்தி வாத்தியாரோடு குடித்தனம் நடத்தியும் அவள் ஒரு சிலந்தியையும் நின்று பார்த்ததில்லை. அடிக்கத்தான் ஓங்கினாள். முதுகில் அசைவதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. "என்னது, பூராம் குட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"இதுகளுக்குத் திங்க என்ன குடுக்கும்?"

"ஒண்ணும் குடுக்காது."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே. முட்டையில இருந்து வரும்போதே வயித்துல கொஞ்சம் சத்து இருக்கும். கீழ எறங்குற வரைக்கும் அது போதும்."

"பாவி" என்றாள் சிலந்தியைப் பார்த்து.

அன்றையிலிருந்து காலையில் காப்பிக்கு முன்னால் அவள் கிணற்றடிக்குப் போக ஆரம்பித்தாள். துணி உலர்த்தப் போவதாகச் சொல்வாள். கையில் துணி இருக்காது. முதலில் குஞ்சுகள் முதுகை மூடியிருந்தன. பிறகு அங்கங்கே முதுகு தெரிந்தது. பிறகு ஒருநாள் தாய் மட்டும் வாசலில் நின்றது. உன் ஆத்தா பதறிப்போய் என்னைக் கூப்பிட்டாள். நான் பூதக்கண்ணாடியைக் கொடுத்துத் தரையைக் காட்டினேன். மதிலோரமாக, கடுகு நுழையும் அளவில் சின்னச் சின்னக் குழிகள். "இந்தா ஒண்ணு இருக்கு. அங்குட்டு ஒண்ணு இருக்கு. இத்தூண்டுக்கும் வாசல் கட்டியிருக்கே" என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை உன் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போது ஒரு குஞ்சு வழிதவறித் தாய் வளையின் பக்கம் போய்விட்டது. வாயில் ஏறி நின்றதும் உள்ளேயிருந்து பெரியது பாய்ந்தது. குஞ்சு எப்படியோ தப்பித்து உருண்டு ஓடியது. உன் ஆத்தா மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

"பெத்த பிள்ளையவேவா?"

"முதுகுல இருந்தவரைக்கும் பிள்ளை. எறங்கிட்டா அது தனிப் புள்ளி" என்றேன். "வாசல் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி. ஒண்ணு வாசல்ல இன்னொண்ணு கேக்காமப் போயி நின்னா இப்படித்தேன்."

எதையும் மனசில் வைத்துக்கொண்டு நான் அதைச் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னேன். சிலந்தியைப் பார்த்து நாம் நடந்துகொள்ள வேண்டும் என்று நான் வகுப்பில்கூடச் சொன்னதில்லை, அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் உன் ஆத்தா கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வீட்டுக்குள் போனாள். நான் கொஞ்சம் பொறுத்துப் போய்ப் பார்த்தேன். உங்கள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். வாங்கி வந்தபோது அடுப்பின் கண்ணாடி மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை யாரும் உரிக்கவே இல்லை. பால் காய்ச்சிய பக்கத்தில் மட்டும் ஓரம் சுருண்டிருந்தது. மற்றப் பக்கம் கடையில் இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தது. அவள் அந்தத் தாளை விரலால் தடவிக்கொண்டே என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அன்னைக்கு நான் அழுதது உங்களுக்குத் தெரியும். அழுது முடிச்சு ஒரு குழம்பு வச்சேன். நீங்க நல்லாருக்குன்னு சொன்னீக. மறுவாரம் உங்க ஆத்தாவ நானே போயிக் கூப்பிட்டேன். வந்து உக்காந்து, ரெண்டாந்தடவ ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாக. அதுக்கப்பறந்தேன் இது என் வீடுன்னு எனக்குத் தோணுச்சு." பிறகு தாளின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு நான் அழுகைய மட்டும் மிச்சம் பண்ணிக் குடுக்கலாம்னு பாத்தேன். கூட இருந்தத எல்லாம் சேத்து மிச்சம் பண்ணிட்டேன் போலருக்கு" என்றாள். சொக்கு, நான் உணர்ச்சிவசப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அந்த இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை. பெரிய அடுப்படியில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். என்ன செய்யட்டும் என்று கேட்டாய். இறங்கு. எவ்வளவு தூரம் என்பதை நீயும் உமையாளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் வேலை கணினி இருக்கிற இடத்தில் நடக்கிற வேலை. கோயம்புத்தூரில்தான் இருக்கப்போகிறோம் என்றால் நல்லது, இருங்கள். போவதென்றால் முழுசாகப் போ. சனிக்கிழமை தவறாமல் ஓடிவந்து, டப்பா டப்பாவாகக் குழம்புப் பொடியும் வற்றலும் வாங்கிக்கொண்டு ஓடாதே. இங்கேயே இருக்கிறோம் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. மூன்றாம் கட்டில் சாமான் போட்டுவைத்திருந்த இரண்டு அறைகளையும் காலி செய்து வெள்ளையடித்தாயிற்று. ஒன்றில் மேடை கட்டி, தண்ணீர்க் குழாயும் போட்டாயிற்று. அடுப்பை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டோம். தாளை நாங்கள் உரிக்கவில்லை, அது உமையாள் உரிக்க வேண்டியது. அந்தப் பகுதிக்கும் எங்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. தாழ்ப்பாளை உங்கள் பக்கம் வைக்கச் சொன்னேன். கொத்தனார் மாற்றிச் சொல்கிறேனோ என்று இரண்டு தடவை கேட்டார். சரியாகத்தான் சொல்கிறேன் என்றேன்.

வந்தாலும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். உமையாள் வருத்தப்பட்டது நியாயமான வருத்தம், ஒரு தாழ்ப்பாளால் அது தீர்ந்துவிடாது. அவளிடம் நீ பேச வேண்டியதை நான் எழுதிக் கொடுக்க முடியாது. முதலில், நானும்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று ஒத்துக்கொள். அங்கிருந்து ஆரம்பித்தால் மற்றது வரும் என்று நினைக்கிறேன். அவள் இன்னும் வேண்டாம் என்றால் கோயம்புத்தூரில் வீடு பாருங்கள். அப்படியானால் பின்தெரு அறைகளில் நான் என் புத்தகங்களை அடுக்கிக்கொள்வேன், எனக்கும் இடம் போதவில்லை.

உறையில் இருக்கும் சாவிகள் பின்தெருக் கதவுக்கானவை, இங்கே வந்தால் அதுதான் உங்கள் தனி வாசல். இரண்டுதான் உண்டு, இரண்டையும் அனுப்பிவிட்டேன். ஒன்றை வைத்துக்கொள்ளட்டுமா என்று உன் ஆத்தா கேட்கவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

இதுவரைக்கும் எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். அடுப்படியில் அவள் பேசியதை எழுதியிருக்க வேண்டாம் என்றாள். அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள். பிறகு, "நான் இனிமே நானா அங்குட்டுப் போக மாட்டேன்னு எழுதுங்க. கூப்பிட்டாத்தேன் போவேன்" என்றாள். எழுதுகிறேன் என்றேன். நான் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். "ஆனா கூப்பிடணும்ல?" என்றாள்.

ஆகவே, சொக்கு, கோயம்புத்தூரோ பின்தெருவோ, எங்கே அடுப்புப் பற்றவைத்தாலும் நீங்கள் இருவரும் சேர்ந்து அவளைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அரிசிம்பருப்பு சாதமே போதும். கோயம்புத்தூர் என்றால் பேருந்தில் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். பின்தெரு என்றால் உள்வழியாக வர மாட்டாளாம். முன்வாசலில் இறங்கி, தெருவைச் சுற்றிக்கொண்டு, பின்தெருக் கதவைத் தட்டித்தான் வருவாளாம். இன்னும் நான் உறையை ஒட்டவில்லை. அதற்குள் உன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டுச் சேலையை வெளியே எடுத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். என்னவென்று கேட்டால், சும்மா காற்றாடட்டும் என்கிறாள்.

அப்பச்சி